மாதத்துக்கு ஓர் எழுத்து: கொசு வைரஸ்களைப் படிக்க மின்அயான் தேறுமா?

ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் மின்அயான், மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய கருவி. எடை மிகக் குறைவு. யுஎஸ்பி வயரால் லேப்டாப்பில் செருகினால் போதும், தனி மின் இணைப்பு கேட்காது. 2016-இல் பிரேசிலின் வடகிழக்கில் ஜிகா பரவிக்கொண்டிருந்தபோது ஜிப்ரா என்ற திட்டத்தினர் இதை ஒரு மினிபஸ் ஆய்வகத்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்று பலரும் பின்பற்றும் செய்முறை அந்த ஜிகா வேலையில் உருவானதுதான். வைரஸின் ஆர்என்ஏவைச் சுமார் 400 எழுத்து நீளத் துண்டுகளாக, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி, ஓடு வேய்வது போலப் பிசிஆரில் பெருக்கிக் கருவியில் ஓட்ட வேண்டும். இங்கே எடைபோடுவது கருவியை மட்டுமல்ல, அந்தச் செய்முறையையும் சேர்த்துத்தான். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மாதிரிகளில், அதிலும் ஜிகாவில், வைரஸ் அளவு குறைவாக இருப்பதுண்டு. இந்தப் பெருக்கல் இல்லாமல் கருவியில் ஓட்டினால் மனித ஆர்என்ஏதான் வந்து குவியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். "இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது, எப்போது நுழைந்தது" என்று கேட்டால் மின்அயான் நல்ல சாட்சி. "வைரஸ் மாறிவிட்டதா" என்று கேட்டால், குறுக்கு விசாரணை செய்யாமல் அதன் வாக்குமூலத்தை ஏற்கக் கூடாது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வைரஸின் வேகம். ஜிகாவின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 10,800 எழுத்து. பரவலின்போது ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வீதத்தில் மாற்றங்கள் நிலைக்கின்றன. பெருக்கினால் ஆண்டுக்கு 11 எழுத்து. மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். டெங்கு கொஞ்சம் மெதுவு, ஆண்டுக்கு 8 அளவில். சிக்குன்குனியா இன்னும் மெதுவு, 11,800 எழுத்தில் ஆண்டுக்கு 6 அளவில். இப்போது கருவியின் பக்கம் வாருங்கள். இறுதி வரிசையில் பத்தாயிரம் எழுத்துக்கு ஒரே ஒரு பிழை இருந்தாலும் காகிதத்தில் அந்த வைரஸுக்கு ஒரு மாத வயது கூடிவிடும். 99.9 சதவீதத் துல்லியம் என்றால் பிரமாதம் போலத் தோன்றும். ஆனால் அந்த 0.1 சதவீதம் என்பது 10 பிழை, ஜிகாவின் ஓராண்டுப் பரிணாமத்துக்குச் சமம்.

இவ்வளவு மெதுவாக நகரும் வைரஸ், நகல் எடுக்கும்போது கவனமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இதன் ஆர்என்ஏ பாலிமரேஸுக்குத் தப்பைத் திருத்தும் வசதி கிடையாது; பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை விட்டுக்கொண்டேதான் போகும். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை தலையெடுக்காமலே போகின்றன. கொசுவின் குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஒரு வடிகட்டல், மனித உடலில் இன்னொரு வடிகட்டல். இரண்டிலும் தேறினால்தான் அடுத்த ஆளுக்குப் போக முடியும். ஒரு பக்கம் உதவும் மாற்றம் மறுபக்கம் காலை வாரிவிடும். அதனால் தங்குபவை பெரும்பாலும் புரதத்தைத் தொடாத மௌன மாற்றங்கள். ஒரு மாதிரியில் புரதத்தை மாற்றும் பிறழ்வுகள் கொத்தாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைரஸை அல்ல, ஆய்வக மேசையை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2005–06 ரியூனியன் தீவுப் பரவலில் சிக்குன்குனியாவின் இ1 புரதத்தில் 226-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் வந்தது. வைரஸில் மாறியது ஒரே எழுத்து: சைட்டோசின் இருந்த இடத்தில் யுராசில். அந்த ஓர் எழுத்து, ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் வைரஸ் தொற்றிப் பரவும் திறனைப் பல மடங்கு கூட்டிவிட்டது. பிறகு 2009-இல் கேரளத்தில் இ2 புரதத்தின் 210-ஆவது இடத்தில் லியூசின் போய் குளுட்டமின் வந்து, அதே கொசுவுக்கு இன்னும் ஒரு படி இசைந்தது. ஆசிய மரபுவழி வைரஸிலோ 226-ஆவது இடத்து மாற்றம் வந்தாலும் எடுபடாது. இ1-இன் 98-ஆவது இடத்தில் இருக்கும் வேறொரு அமினோ அமிலம் அதைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது. ஆக, பெயர் தெரிந்த ஒரு மாற்றத்தைப் பார்த்தவுடன் அறிக்கை எழுதாமல், அது எந்த மரபுவழியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று முழு வரிசையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கருவி வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஓர் எழுத்தில் தப்பு விடும் கருவி ஆபத்தானது என்பதற்கும் இதே உதாரணம் போதும்.

இனி ஃபுளோ செல், அதாவது கருவிக்குள் செருகும் நுண்துளைத் தட்டு; எழுத்தைப் படிப்பது இந்தத் துளைகள்தான். காசு கரைவது இதில்தான். ஒன்றில் 512 சேனல், மொத்தம் 2,048 துளை. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைந்தால் போச்சு. உயிருள்ள துளை 800-க்குக் கீழே இருந்தால் நிறுவனம் மாற்றித் தரும், ஆனால் உத்தரவாதக் காலத்துக்குள் சோதித்துச் சொன்னால்தான். பெட்டி வந்தவுடன் சோதியுங்கள். பரவல் தொடங்கிய பிறகு குளிர்பெட்டியைத் திறந்து ஏமாறாதீர்கள்.

ஃபுளோ செல்லைக் கொல்வதில் முதலிடம் காற்றுக் குமிழிக்கு. பிரைமிங் துளையை, அதாவது தயார்ப்படுத்தும் கலவையைச் செலுத்தும் வாயை, திறந்ததும் உள்ளே குமிழி நிற்கும். 1,000 மைக்ரோலிட்டர் பைபெட்டை 200-இல் வைத்து, முனையைத் துளையில் செங்குத்தாகப் பொருத்தி, உறிஞ்சாமல் எண் சக்கரத்தை மட்டும் 220–230 வரை மெல்லத் திருப்புங்கள். முனைக்குள் மஞ்சள் திரவம் துளி எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். 20–30 மைக்ரோலிட்டருக்கு மேல் இழுத்தால் துளைகள் பதிந்த சவ்வின் மேல் காற்று ஏறும். ஏறிய இடத்தில் துளை செத்தது செத்ததுதான். பிறகு பிரைமிங் கலவை 800 மைக்ரோலிட்டர், கடைசிச் சொட்டை முனையிலேயே விட்டுவிட்டு. 5 நிமிடம் பொறுத்து, ஸ்பாட்ஆன் என்ற மாதிரி ஏற்றும் துளையின் மூடியைத் திறந்து, பிரைமிங் துளை வழியாகவே இன்னும் 200. கடைசியில் 75 மைக்ரோலிட்டர் லைப்ரரியை (படிக்கத் தயார்செய்த துண்டுகளின் கரைசல்) ஸ்பாட்ஆன் துளையில் சொட்டுச் சொட்டாக. லைப்ரரியில் சேர்க்கும் மணிகள் நிமிடத்தில் அடியில் தங்கிவிடும், ஏற்றும் கணத்தில் கலக்கியாக வேண்டும்.

லைப்ரரி அளவிலும் ஒரு பழைய தப்பு தொடர்கிறது. இந்தக் கருவிக்கு எடை முக்கியமல்ல, மூலக்கூறு எண்ணிக்கைதான் முக்கியம். 400 எழுத்துத் துண்டு 20 ஃபெம்டோமோல் வேண்டுமென்றால் வெறும் 5 நானோகிராம் போதும். நீளத் துண்டுகளுக்கான செய்முறையைப் பார்த்து 50, 100 என்று ஏற்றினால் துளைகள் திணறி, வெளியீடு குறையும். நிறையப் போட்டால் நிறைய வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பிசிஆர் பகுதி எளிது, ஆனால் அலட்சியத்தை மன்னிக்காது. முதலில் ரேண்டம் ஹெக்சாமர் என்ற ஆறெழுத்துத் துண்டுகளால் ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ, அதாவது டிஎன்ஏ நகல். பிரைமர்களை (ஒவ்வொரு துண்டையும் எங்கிருந்து எதுவரை பெருக்க வேண்டும் என்று காட்டும் குட்டித் துண்டுகள்) ஒற்றை எண் துண்டுக்கு ஒன்று, இரட்டை எண் துண்டுக்கு ஒன்று என்று பிரித்து இரண்டு குழாய். ஒவ்வொன்றிலும் 25 மைக்ரோலிட்டர் வினை, 2.5 மைக்ரோலிட்டர் சிடிஎன்ஏ. ஒரே குழாயில் போட்டால் பக்கத்துப் பக்கத்துப் பிரைமர்கள் சேர்ந்து, துண்டுகள் மேலேறும் குட்டிப் பகுதியை மட்டும் பெருக்கித் தள்ளும். ஒவ்வொரு பிரைமரும் 0.015 மைக்ரோமோலார், குறைவாகத் தோன்றும், ஆனால் குழாய்க்குள் முப்பதுக்கு மேல் பிரைமர்கள் நீந்துகின்றன. 98 டிகிரியில் 15 விநாடி, 65 டிகிரியில் 5 நிமிடம், இப்படி 25 முதல் 35 சுற்று. அந்த 5 நிமிடத்தைக் குறைத்து நேரம் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டால் பலவீனமான துண்டுகள் முதலில் விழும். 35-க்கு மேல் சுற்றினால் வைரஸ் கூடாது, குப்பைதான் கூடும். பிறகு சுத்திகரிப்பு மணிக் கரைசலை வினையின் அதே அளவில் சேர்க்க வேண்டும்.

சிடி மதிப்பு (வைரஸ் தென்படப் பிசிஆருக்குத் தேவைப்பட்ட சுற்று எண்ணிக்கை; கூடினால் வைரஸ் குறைவு) 30-க்குள் இருக்கும் மாதிரியில் பொதுவாக முழு வரிசையும் வரும். 30-க்கும் 35-க்கும் நடுவில் இடைவெளிகள் தலைகாட்டும். அதற்கு மேல் உள்ளதை, பார்கோடு (ஒவ்வொரு மாதிரிக்கும் ஒட்டும் அடையாளத் துண்டு) ஒன்று காலியாக இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள்.

இனி இந்தச் செய்முறையின் உண்மையான பலவீனம். வைரஸ் மாறிய இடத்தில்தான் பிரைமர் ஒட்டாமல் போகும். அதாவது எங்கே பார்க்க வேண்டுமோ அங்கேயே கண் குருடாகிறது. பிரைமல்ஸ்கீம் என்ற இலவச இணையக் கருவியில் பிரைமர் வடிவமைக்கலாம். கொடுக்கும் மாதிரி வரிசைகளுக்குள் வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நம்பலாம். டெங்குவின் நான்கு செரோடைப்புக்கும் (வகைக்கும்) நான்கு தனித் தொகுப்பு வேண்டும் என்பது இதனால்தான். ஒரே செரோடைப்புக்குள்ளும் ஜெனோடைப் (உள்வகை) மாறினால் ஒன்றிரண்டு துண்டு காணாமல் போகலாம். காணாமல் போவது பெரிய குற்றமில்லை, அந்த இடத்தில் 'தெரியாது' என்ற குறி இருக்கும்வரை. சில மென்பொருள் அமைப்புகள் அந்த ஓட்டையைச் சுட்டு வரிசையின் (ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பழைய வரிசை) எழுத்துகளால் நிரப்பிவிடும். அப்போது வைரஸ் மாறவே இல்லை என்று அறிக்கை வரும். மரபணு நிலைத்தன்மை என்று மேற்கோளும் காட்டப்படும். ஆழம், அதாவது ஓர் இடத்தை எத்தனை தடவை படித்திருக்கிறது என்ற எண்ணிக்கை, 20-க்குக் கீழே உள்ள எந்த இடமும் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

இதே வகையில் இன்னொரு கண்ணி. ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் இருப்பது வைரஸின் எழுத்து அல்ல, நாம் ஊற்றிய பிரைமரின் எழுத்து. இ1-226 கோடான் (அந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) மேல் ஒரு பிரைமர் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். பழைய வரிசையைப் பார்த்துச் செய்த பிரைமர், ஓர் எழுத்துப் பொருந்தாவிட்டாலும் ஒட்டிவிடும். வைரஸில் வேலின் இருந்தாலும் அந்தத் துண்டின் ரீட்கள் (கருவி தனித்தனியாகப் படித்த வரிசைகள்) எல்லாம் அலனின் என்றே சொல்லும். அந்த இடத்தை மேலேறி மூடும் பக்கத்துத் துண்டுதான் உண்மையைச் சொல்லும், அதுவும் பிரைமர் பகுதியை இடம் பார்த்து வெட்டிய பிறகு. ஆர்ட்டிக் பைப்லைன் என்ற மென்பொருள் இதைத் தானாகச் செய்கிறது. ஆனால் நீங்கள் பயன்படுத்திய பிரைமர் தொகுப்பின் சரியான பதிப்புக் கோப்பைக் கொடுக்க வேண்டும். பழைய பதிப்பைக் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது, தப்பான இடத்தில் கத்தி வைத்துவிட்டுப் போய்விடும்.

படிக்கும் துல்லியத்துக்கு வருவோம். ஆர்9.4.1 என்ற பழைய ஃபுளோ செல் காலத்தோடு ஒப்பிட்டால் புதிய ஆர்10.4.1 வேறு லெவல். மின்சிக்னலை எழுத்தாக்கும் சூப்பர் அக்யூரசி மாடலில் தனி ரீட்டின் துல்லியமே 99 சதவீதத்தைத் தொடுகிறது. தாறுமாறான பிழையை ஆழம் சரிக்கட்டிவிடும். ஒரே இடத்தில் எல்லா ரீட்டும் சேர்ந்து விடும் பிழையை 20 அல்ல, 2,000 ஆழம் வந்தாலும் தீர்க்க முடியாது. ஒரே எழுத்து ஆறேழு தடவை அடுத்தடுத்து வரும் இடங்கள் அப்படிப்பட்டவை: ஏழு 'ஏ' இருந்தால் ஆறு என்று படிக்கும். புது ஃபுளோ செல்லில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

நல்லவேளையாக இந்த வைரஸ்களிடமே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. ஜிகாவும் டெங்குவும் தங்கள் புரதங்கள் அனைத்தையும் ஒரே நீளச் சட்டகத்தில் (மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படும் பகுதி) எழுதிவைத்திருக்கின்றன. ஜிகாவில் 3,423 அமினோ அமிலம், டெங்கு 2-இல் 3,391. நடுவில் ஓர் எழுத்து காணாமல் போனால் அதற்குப் பிந்தைய வாசகம் முழுவதும் குழம்பி, சீக்கிரமே நிறுத்தக் கோடான் வந்துவிடும். அப்படிப்பட்ட வைரஸ் பிழைத்து ஒருவர் ரத்தத்தில் பெருகியிருக்க வாய்ப்பே இல்லை. எனவே இறுதி வரிசையை மொழிபெயர்த்துப் பாருங்கள். சட்டகம் உடைந்தால் அது கருவியின் பிழை. நெக்ஸ்ட்கிளேட் போன்ற இலவச சேவையில் போட்டால் உடைந்த இடத்தைக் காட்டிவிடும், ரீட்களைத் திறந்து கண்ணால் பார்த்துத் திருத்தலாம். சிக்குன்குனியாவில் மட்டும் கை அவசரப்படக் கூடாது. அதில் இரண்டு சட்டகம்; முதல் சட்டகத்தில் என்எஸ்பி3 புரதத்தின் முடிவுக்கு அருகே பல வைரஸ்களில் உண்மையாகவே ஒரு நிறுத்தக் கோடான் உண்டு, சிலவற்றில் அங்கே ஆர்ஜினின். இரண்டும் இயற்கை. அதைப் 'பிழை' என்று திருத்திவைப்பது, வைரஸ் செய்யாத பரிணாமத்தை நாமே செய்வது.

ஒரே நோயாளிக்குள் சிறுபான்மையாக ஓடும் மாற்றங்களைப் பார்க்க வேண்டுமா? இதற்கு மின்அயான் வேண்டாம். குறுந்துண்டு இல்லுமினா கருவியிலேயே, இதே ஓடு வேயும் முறையில், வெறும் 3 சதவீதப் பிரதிகளில் உள்ள மாற்றங்களைக்கூட நம்ப வேண்டுமானால் குறைந்தது 1,000 ஆர்என்ஏ பிரதி, ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு தனி ஓட்டம், 400 ஆழம் வேண்டும் என்று ஐவார் மென்பொருளை உருவாக்கியவர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். குழாய்க்குள் போனதே 20 பிரதி என்றால் 10,000 ஆழம் வந்தாலும் அது அந்த 20 பிரதியின் எதிரொலிதான். முதல் சுற்றில் ஒரு பிரதியில் பாலிமரேஸ் விட்ட பிழை, சில சதவீத 'புதிய திரிபாக' வந்து நிற்கும்.

வரிசையின் இரு முனைகளும் விடுபடுவது இன்னொரு குறை. 3' முனையில், அதாவது வரிசையின் கடைசியில், அது வலிக்கும். கொசு வைரஸ்களில் சுவாரசியமான மாற்றங்கள் பல அங்கேதான். 1994-இல் போர்ட்டோ ரிக்கோவில் டெங்கு 2-இன் ஒரு மரபுவழி மற்றதைத் தள்ளிவிட்டு எழுந்ததற்கு, 3' முனையின் புரதமில்லாப் பகுதியில் வந்த மாற்றங்களும், அங்கிருந்து பிறக்கும் சிறு ஆர்என்ஏ மனிதரின் எதிர்ப்பை மழுங்கடிப்பதும் காரணமாகக் காட்டப்பட்டிருக்கின்றன. சிக்குன்குனியாவின் 3' முனையிலோ ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். மரபுவழிக்கு மரபுவழி எண்ணிக்கை மாறும். 400 எழுத்து ஓடுகளால் அதை எண்ண முடியாது. ஆயிரக்கணக்கான எழுத்தை ஒரே மூச்சில் படிப்பதுதான் நானோபோரின் தனிச்சிறப்பு; அதை 400-இல் கட்டிப்போட்டுவிட்டு இந்தக் குறையைக் கருவி மேல் போடுவது நியாயமில்லை. சிடி 22, 25 என்றிருக்கும் நல்ல மாதிரிகளில் கடைசி 2,000 எழுத்துக்கு ஒரு நீளத் துண்டு தனியாகப் பெருக்கி ஓட்டிப் பாருங்கள்.

மென்பொருள் பக்கம் சுருக்கமாக. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் சூப்பர் அக்யூரசி மாடல் ஓடாது, ஊரும். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாதீர்கள். ஸ்லீப் மோடையும் தானியங்கி அப்டேட்டையும் அணைத்துவிடுங்கள். நடு ராத்திரியில் லேப்டாப் தானே ரீஸ்டார்ட் ஆனால் ஓட்டமும் போச்சு. மாற்றங்களைக் கண்டறியும் நிரலில் தேர்ந்தெடுக்கும் மாடல், எழுத்து படித்த மாடலோடு பொருந்த வேண்டும். பார்கோடு இரு முனையிலும் இருக்கும் ரீட்டை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். ஃபுளோ செல்லைக் கழுவி மறுபடி பயன்படுத்தினால் அதே பார்கோடுகளைத் திரும்ப எடுக்கக் கூடாது. கழுவினாலும் கொஞ்சம் தங்கும், அந்தக் கொஞ்சம் காலி மாதிரியை வைரஸ் உள்ளதாகக் காட்டப் போதும். நெகடிவ் கன்ட்ரோலை (வைரஸ் இல்லாத ஒப்பீட்டு மாதிரி) பிசிஆரில் அல்ல, ஆர்என்ஏ பிரிக்கும் கட்டத்திலேயே தொடங்கிக் கடைசிவரை கொண்டுபோங்கள்.

கருவிக்குப் பேர் வாங்கித் தந்த வேலை காலமரம், அதாவது வைரஸ் எப்போது கிளைத்தது என்று காட்டும் வம்ச மரம். பிரேசில் ஜிகா வரிசைகளை வைத்துக் கணக்கிட்டபோது, வைரஸ் 2014 தொடக்கத்திலேயே அங்கே இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. நாட்டில் முதலில் உறுதிசெய்யப்பட்டது 2015 மே மாதம்தான். ஓராண்டுக்கு மேல் யாரும் அறியாமல் பரவியிருக்கிறது. இதற்கு மின்அயான் தரம் தாராளம். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். ஒருவரிடமிருந்து கொசு வழியாக அடுத்தவருக்கு நோய் போக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், வைரஸ் மாறுவதோ மாதத்துக்கு ஓர் எழுத்து. அடுத்தடுத்த தெருவில் எடுத்த பத்து மாதிரியும் ஒரே வரிசையாக வந்தால் ஓட்டம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, சரியாக நடந்திருக்கிறது. மாதிரிகளைப் பல மாதங்களுக்குப் பரப்பி எடுங்கள். எடுத்த தேதியை எழுதுங்கள், ஆய்வகத்துக்கு வந்த தேதியை அல்ல. அந்த ஒரு தவறு காலமரத்தையே சாய்த்துவிடும்.

வாரத்துக்கு பத்துப் பதினைந்து மாதிரி, முடிவு இரண்டு நாளில் வேண்டும், பெரிய கருவிக்கு இடமில்லை என்றால் மின்அயானை யோசிக்காமல் வாங்கலாம். மாதத்துக்கு நூற்றுக்கணக்கில், அவசரமில்லாமல், ஒரே நோயாளிக்குள் ஓடும் திரிபுகளும் தேவை என்றால் இல்லுமினா. வாங்குபவர்கள் ஹார்டு டிஸ்க்குக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்: எழுத்தாக மாறுவதற்கு முந்தைய மின்சிக்னல் கோப்புகளை, பிஒடி5 வடிவில், அழிக்காமல் வையுங்கள். மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்று ஆறு 'ஏ'வா ஏழு 'ஏ'வா என்று இழுபறியாக நிற்கும் இடத்தை, அடுத்த மாடலில் அதே சிக்னலை மறுபடி படித்துத் தீர்த்துக்கொள்ளலாம், மாதிரி தீர்ந்துபோயிருந்தாலும்.